மருதமரத்து ஓடையில் கெடா இல்லை

பதினொண்ணு. அத்தனையும் பொட்டை. வீரணன் மறுபடியும் முதலில் இருந்து எண்ணினான். ஓடை மணலில் இறங்கி நின்ற புள்ளிமான் கூட்டத்தில் எந்தத் தலையிலாவது கொம்பு முளைத்திருக்காதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். காதுதான் இருந்தது, காதும் ஈ விரட்டுகிற வாலும். கெடா ஒன்று வேண்டும். சாமிக்காக இல்லை. சாமிக்கு வேண்டுமென்றால் மேலே ஏழு பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. அவனுக்கு வேண்டியது இந்த ஓடையில், இந்த மணலில், அவன் பதுங்கியிருக்கிற பாறைக்கும் எதிர்க்கரை மருதமரத்துக்கும் நடுவில் இருக்கிற நாற்பது எட்டுக்குள் ஒரே ஒரு கெடா வந்து நின்றுவிட்டுப் போவது. நின்றால் போதும், அதைச் சுடக்கூட வேண்டியதில்லை. சுட வேண்டியது அதற்கு நேர் பின்னால், மருதமரத்தடியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கையில் கம்போடு நிற்கிற சடையனை. சுட்டுவிட்டு, கெடான்னு நெனச்சுச் சுட்டுட்டேன்னு தலையில் அடித்துக்கொண்டு ஓட வேண்டும். எப்படி ஓடுவது, எந்த இடத்தில் துப்பாக்கியைப் போடுவது, எங்கே விழுவது என்பதெல்லாம் ரெண்டு வருசமாகப் பார்த்துப் பார்த்து வைத்தாயிற்று. ரெண்டு வருசத்துக்கு முன்னால் அவன் தம்பி தவசியை இதே பாறையில் உட்கார்ந்து இதே சடையன் சுட்டான். அவனும் அப்படித்தான் ஓடினான், தலையில் அடித்துக்கொண்டு, துப்பாக்கியை மணலில் வீசிவிட்டு. என்னமா ஓடினான். கூத்துக்கட்டுகிறவன் தோற்றுப்போவான்.

பங்குனி மாசத்துப் பாரி வேட்டை என்றால் ஊருக்கே ஒரு முறை இருக்கிறது. மானை அடிக்கலாம், ஆனால் கெடாவைத்தான் அடிக்க வேண்டும். பொட்டையை அடித்தவன் துப்பாக்கியை மலைக்கருப்பு கோயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு மூணு வருசம் வெறுங்கையோடு நிற்க வேண்டும். மானைத் தொட்டால் ஜெயில் என்று கவர்மெண்டு சட்டம் போடுவதற்கு முந்தின காலம் அது, லைசென்ஸ் துப்பாக்கி ஊரில் ஒன்பது இருந்தது, ஆனாலும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தன் பொட்டைமேல் துப்பாக்கிக் குதிரையை இழுத்ததாகப் பேச்சு கிடையாது. அதனால்தான் இந்தத் தொல்லை. பொட்டைகளாய் மேய்கிற இடத்தில் வெடிச்சத்தம் கேட்டால் முதல் கேள்வி, எதைப் பாத்துடா சுட்ட? ரெண்டாவது, தடம் பார்க்கிற மொக்கையன் வந்து குந்தவைத்து மணலைப் பார்ப்பான். பொட்டைக் குளம்பு ஒடுங்கி, முனை கூராக விழும். கெடாவின் முன்னங்குளம்பு அகலம், நடுவில் விரிந்து, ரெண்டு புளியங்கொட்டையைத் தள்ளித்தள்ளி வைத்த மாதிரி இருக்கும். மொக்கையனுக்குக் கண் மங்கினாலும் விரல் மங்கவில்லை, தடவியே சொல்லிவிடுவான். கெடாத் தடம் இல்லையென்றால் தீர்ந்தது, அவ்வளவுதான், கையைக் கட்டி போலீசில் ஒப்படைப்பார்கள், பெண்டாட்டி ஒச்சம்மாவும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். தவசி செத்த அன்றைக்கு மட்டும் அந்த மொக்கையன் என்ன சொன்னான்? ஓடையத் தாண்டுன கூட்டம் மணல் பூராவும் உழுதுபோட்டிருச்சு, எனக்குத் தெரியலப்பா. தெரியலப்பா. அந்த ஒரு வார்த்தையில் சடையன் பிழைத்துக்கொண்டான்.

பிழைத்துக்கொண்டவன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். உள்ளங்கையில் வைத்து, நின்று எரிகிற சூடத்தை, ஒரே அப்பாக அப்பினான், தோல் கொப்பளித்துவிட்டது என்று பொம்பளைகள் உச்சுக் கொட்டினார்கள். கொப்பளித்தால் என்ன, கொப்பளம் ஆறிப்போகும். தவசிக்கு விலாவில் விழுந்த ஓட்டை ஆறியதா? வேட்டையில் விழுந்த ஆளைச் சாமி எடுத்துக்கிருச்சு, பகை பாராட்டக் கூடாது, சுட்டவன் செத்தவன் இடத்துக்கு வரணும் என்று ஊர்ப் பெரியாம்பளை துண்டை உதறித் தோளில் போட்டார். அதுவும் முறைதான். மூணு வருசம் சுட்டவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது. செத்தவன் விழுந்த இடத்தில், மான் ஒதுங்கிவிடாமல் மறிப்புக்கு நிற்க வேண்டும். செத்தவன் நிலத்தை உழுது கொடுத்துவிட்டுத்தான் தன் நிலத்தில் ஏர் பூட்ட வேண்டும். செத்தவன் யாரை அண்ணன் என்றானோ அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். அண்ணே. தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, அண்ணே. களத்தில் மூட்டை தூக்கக் குனிந்தால் பின்னால் வந்து ஒரு கை பிடித்து, அண்ணே. அதற்கு ரெண்டு வருசமாக வீரணன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பேச மாட்டான். இந்த அங்காயி இருக்கிறாளே, தவசி பெண்டாட்டி, அவள் செய்வதைத்தான் இவனால் தாங்க முடியவில்லை. புருசன் செத்து வருசம் திரும்பவில்லை, உழுது முடித்து வந்த சடையனுக்குச் செம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறாள். வீரணன் வரப்பில் நின்று பார்த்தான். என்ன புள்ள இது என்று கேட்டதற்கு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வேணும்னு செஞ்ச ஆளு மூஞ்சி இல்ல மாமா அது. எனக்கே தோணுது, ஒங்களுக்குத் தோணலையா?" என்றாள். தோணலை. எனக்கு ஏன் தோணணும்.

வலது தொடை மரத்துப்போய்விட்டது. அசைத்தால் சருகு சத்தம் போடும். பாறைக்கு முன்னால் அவனே காலையில் ஒடித்துவந்து சொருகிய தழை வாடி, பச்சை வாசனை போய், ஒரு கசப்பு வாசனை அடித்தது. கழுத்தில் ஏதோ ஊர்ந்தது, எறும்புதான், ஊரட்டும். துப்பாக்கிக் கட்டை கன்னத்தில் சூடாகப் பட்டது. மருந்தை அளந்து கொட்டி, தேங்காய் நாரைத் திரித்துச் சக்கையாக இறக்கி, கம்பியால் இடித்து, மேலே ஒரே ஒரு ஈயக்குண்டு. ரவை போட்டால் சிதறும், மானிலும் படும் மனுசனிலும் படும், அது வேண்டாம். ஒரே குண்டு. தவசிக்கு எடுத்ததும் ஒரே குண்டுதான், வைத்தியர் கிண்ணத்தில் போட்டபோது டிங் என்று கேட்டது. அந்தச் சத்தம் சோற்றுத்தட்டில் கரண்டி பட்டால் வருகிறது, மாட்டின் மணி ஒரு நேரம் அப்படிக் கேட்கிறது, பிள்ளை சோழி விளையாடினால் கேட்கிறது, சனியன். விடியக்காலம் புறப்படும்போது ஒச்சம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "இந்த வருசம் போகாட்டி என்ன?" போகாட்டி என்னவா. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மேல்முனை உட்காரும் இடம்தான் அவனுக்கு விழுந்தது. இந்தப் பாறை விழுந்தது வேறொருத்தனுக்கு. மாத்திக்க என்றான். பெரியாம்பளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த எடம் ஒனக்கு வேணாமப்பா." "எந்தம்பி விழுந்த எடத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன், அதுலயும் ஒங்களுக்குக் கொறையா?" பாறை அவனுக்குக் கிடைத்தது. சடையன் அங்கேதான் நின்றான், தலையைக் குனிந்துகொண்டு. கேட்டிருப்பான். பயந்திருப்பானா? பயப்படட்டும், நல்லாப் பயப்படட்டும். ஆனால் அவன் முகத்தில் பயம் மாதிரி எதுவும் தெரியவில்லை, அதுதான் இவனுக்கு வயிற்றெரிச்சல்.

பொட்டைகள் நகர்ந்தன. முன்னால் போகிற கிழவி ஒன்று காதை மடக்கி மடக்கிப் பார்த்தது, காலைத் தூக்கி மணலில் ஒரு தட்டு தட்டியது. வெகு தூரத்தில், மலையின் அந்தப் பக்கச் சரிவில், தகரம் தட்டி மானைக் கலைக்கிற ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது, தகரச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. இன்னும் ஒரு நாழிகை இருக்கும் இங்கே வந்துசேர. அதற்குள் ஒரு கெடா. எங்கேயிருந்து வரும்? இந்த ஓடையில் கெடா கிடையாது. அவனுக்குத் தெரியாதா, பதினைந்து வயசில் இருந்து இந்த மலையில் ஏறுகிறான். கெடாவெல்லாம் மேல்காட்டில். இங்கே குட்டி போட்டதும் சினையானதும்தான் மேயும், தண்ணிக்கும் நிழலுக்கும். இங்கே கெடா இல்லை என்பதுதானே சடையன் கழுத்தில் மாட்டிய கயிறு. கெடாவே இல்லாத இடத்தில் கெடான்னு நெனச்சேன்னு ஒருத்தன் சொன்னால் அவன் பொய்யன், பொய்யன் என்றால் கொலைகாரன், இதற்கு என்ன பெரிய கணக்கு. இதை அவன் ஊர்க்கூட்டத்தில் சொன்னான், கோயிலில் சொன்னான், சாராயம் குடித்துவிட்டு வந்து தெருவில் நின்று சொன்னான். சொல்லும்போதெல்லாம் ஆட்கள் தலையை ஆட்டினார்கள், ஆனால் எவனும் சரி என்று சொல்லவில்லை. இப்போது பாரு, அவனுக்கே அந்தக் கெடா வேண்டியிருக்கிறது. இல்லை என்று தொண்டை கிழியக் கத்தியவன் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மலைக்கருப்பே, ஒண்ணே ஒண்ணு அனுப்பு. நான் ஒனக்குக் கேக்கல, எனக்குக் கேக்குறேன்.

தவசி இருந்தால் சிரிப்பான். தவசிக்குச் சிரிப்புத்தான் வினை. அந்த வருசம் வேட்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது டீக்கடையில் பேச்சு வந்தது. மருதமரத்து ஓடையில் பெரிய கெடா ஒன்று இருக்கிறது, நான் கொம்பைப் பார்த்தேன் என்று சடையன் சொல்லப்போக, தவசி டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "பொட்டைக் காட்டுல கெடாவா? மாப்ள கனாக் கண்டிருக்கான்யா." சடையன் விடவில்லை. "இம்புட்டுப் பொட்டை மேயிற எடத்துல கெடா இல்லாமப் போகுமாடா? அது முன்னாடி வராது. பொட்டையப் பூராம் முன்னாடி அனுப்பிட்டு, ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்ச பெறகு, பொதரை ஒரசிக்கிட்டுக் கடேசியா வரும். நம்ம ஆளுக பொட்டை போனதும் எந்திரிச்சுப் பீடியப் பத்த வச்சிர்றீக, அதான் ஒருத்தன் கண்ணுலயும் படல." சொல்லும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவு ஆசையாகச் சொன்னான். தவசி பெஞ்சில் ஏறி நின்று, ரெண்டு கையையும் தலைமேல் விரித்து, புட்டத்தை ஆட்டிக்கொண்டு கெடா மாதிரி நடந்து காட்டினான். கடையே சிரித்தது. வீரணனும் சிரித்தான், ஆமாம், சிரித்தான், கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். சடையன் பாய்ந்து தவசியின் சட்டையைப் பிடித்தான், ரெண்டு பேரும் உருண்டார்கள், பிரித்துவிட நாலு ஆள் வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்து தவசி செத்தான். இதற்கு மேல் என்னய்யா வேணும் சாட்சி? ஒருத்தனைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்க வைத்ததற்கு உயிரை எடுப்பார்களா என்று பெரியாம்பளை கேட்டார். எடுப்பார்கள். நான் எடுக்கப்போறேனே.

ஆனால் அந்தக் கவைக்கம்பு. அது வரும். எப்போதும் இந்த இடத்தில் வந்து நிற்கும், வீரணன் அதைத் தள்ளிவிட்டு வேறு ஒன்றை நினைப்பான். கலைக்கிறவன் முள்ளுப்புதரைக் குத்தி விலக்கக் கவைக்கம்பு வைத்திருப்பான், எல்லாரும்தான் வைத்திருந்தார்கள். தவசி தாகம் என்று வரிசையை விட்டு இறங்கி ஓடைக்கு வந்திருக்கிறான், கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு குனிந்து தண்ணி குடித்திருக்கிறான், புதருக்கு மேலே கவை மட்டும் தெரிந்திருக்கிறது, கொம்பு மாதிரி. அப்படித்தான் சடையன் சொன்னான். கம்பு நீளம். வெப்பாலைக் கம்பு. ரெண்டு கிளையும் ஒரே அளவாக, உள்பக்கம் வளைந்து. போதும். வேறு எதையாவது நினை. மத்தியானம் என்ன கறி. பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். சடையன் செத்த பிறகு அந்த வீட்டில் அவன் தாயி எப்படி அழுவாள், நம்ம ஆத்தா மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அழுதாளே அப்படி அழுவாளா. அழட்டும். ஒப்பாரி கேட்டுக்கொண்டே வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடிக்க வேண்டும். பிறகு சூடம் அணைக்க வேண்டும். அணைக்கிறேன், கை எரிந்தால் எரிகிறது. பிறகு அவன் நிலத்தை உழ வேண்டும், அவன் அண்ணனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுறேன், அதுக்கென்ன. வாய் வலிக்கவா போகுது. கூப்பிடும்போது அந்த அண்ணன்காரன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தபோது மட்டும் துப்பாக்கிக் கட்டையைக் கன்னத்தில் இருந்து எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தான்.

தகரச் சத்தம் இப்போது மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆள் குரல் தனித்தனியாகக் கேட்டது. பொட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடையைத் தாண்டின, பதறாமல், குட்டியை இடித்து இடித்து முன்னால் தள்ளிக்கொண்டு. ஒரு பொட்டை பக்கவாட்டில் ஒதுங்கப் பார்த்ததும் சடையன் கம்பால் மரத்தில் ரெண்டு தட்டு தட்டினான், அது திரும்பிக் கூட்டத்தோடு சேர்ந்தது. மறிப்பு நன்றாகத்தான் செய்கிறான். கடைசிப் பொட்டையும் கரையேறிவிட்டது. ஓடை வெறிச்சென்று ஆனது. மணலில் முழுக்கத் தடம், எல்லாம் ஒடுங்கி, எல்லாம் கூராக. முடிந்தது, இந்த வருசமும் போச்சு. ரெண்டு வருசம் வளர்த்த வெறியை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப வீட்டுக்குப் போக வேண்டும், திரும்ப ஒரு வருசம் அந்த அண்ணேயைக் கேட்க வேண்டும். அடுத்த வருசத்தோடு சடையனுக்கு மூணு வருசம் முடிகிறது, பிறகு அவன் இங்கே நிற்க மாட்டான். வீரணன் எழுந்து உட்காரப் போனான். அப்போதுதான் சடையனைக் கவனித்தான். பொட்டைகள் போன பிறகும் அவன் உட்காரவில்லை, துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைக்கவில்லை. கழுத்தை நீட்டி, ஓடைக்கரைப் புதர்களை ஒவ்வொன்றாக, இலை இலையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். எதைத் தேடுகிறான் இவன்? மானெல்லாம் போயாச்சு. பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. போன வருசமும் கடைசி ஆள் இறங்கி வந்த பிறகுதான் இவன் மரத்தடியை விட்டு வந்தான் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. கிறுக்குப் பிடித்திருக்கிறது, பிடிக்கட்டும் என்று அன்றைக்கு நினைத்திருந்தான்.

பாறைக்குக் கீழே, இடதுகைப் பக்கம், தாழம்புதரை ஒட்டி ஒரு சருகு நொறுங்கியது. வீரணன் கண்ணை மட்டும் திருப்பினான். முதலில் கொம்பு. பிறகும் கொம்பு. பழுப்பேறிய, அடி தடித்த, ஒரு பக்கத்துக்கு மூன்று கிளை விட்ட கொம்பு, புதருக்கு மேலே தனியாக மிதந்து வந்தது. பிறகு கறுத்த மூஞ்சி, வெள்ளைத் தொண்டை, மாட்டுக்கன்று அளவுக்குத் தோள். இருபது எட்டுத் தூரத்தில் நின்றது. பொட்டைகள் நின்ற மணலில் மூக்கை வைத்து, மேலுதட்டைத் தூக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு முகர்ந்தது. நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம், பின்னால் தகரம் அலறுகிறது, அதற்கு அது யார் வீட்டுக் கல்யாணமோ. என்ன அழகுடா சாமி. துப்பாக்கி தானாகத் தோளுக்கு ஏறியது, கட்டைவிரல் குதிரையைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்தது. கெடா ஒரு எட்டு வைத்தது, இன்னொரு எட்டு, தாழம்புதரை விட்டு வெளியே வராமல், ஓரமாகவே. அந்த ரெண்டாவது எட்டில் அதன் முதுகுக்கு மேலே, நேர்கோட்டில், மருதமரம். மரத்தடியில் சடையனின் நெஞ்சு. அவன் தகரச் சத்தம் வருகிற பக்கம் திரும்பி நின்றான். புதர் மறைப்பதால் அவனுக்குக் கெடா தெரியாது. எல்லாம் வந்துவிட்டது. கேட்டபடியே, அளந்து வைத்தபடியே. குழல் முனையைக் கெடாவின் முதுகில் இருந்து ஒரு சாண் தூக்கினால் போதும். மொக்கையன் வந்து விரலால் தடவி, கெடாதான்யா என்று சொல்லுவான். இழு. வீரணா, இழுடா.

கெடாதான். அப்போ கெடா இருக்கு. விரல் விசையில் இருந்தது, விரலுக்குள் அந்த நினைப்பு முள்ளாட்டம் ஏறியது. இந்த ஓடையில் கெடா இருக்கு. பொட்டையை முன்னாடி அனுப்பிட்டு, பொதரை ஒரசிக்கிட்டு, கடேசியா. அவன் சொன்ன மாதிரியே வருது பாரு, ஒரு சொல்லுக்குக் கூடவோ குறையவோ இல்லை. அப்படியானால் அன்றைக்கும் இருந்திருக்கும். அன்றைக்குப் பொட்டையெல்லாம் போன பிறகும் பீடியைப் பற்ற வைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இதே பாறையில் உட்கார்ந்து, சிரித்தவன் மூஞ்சியில் கரியைப் பூச புதர்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான் சடையன், புதருக்கு மேலே கொம்பு வந்திருக்கிறது. ரெண்டு கிளை, ஒரே அளவு, உள்பக்கம் வளைந்து. யார்தான் சுட மாட்டான். நான் சுட்டிருக்க மாட்டேனா. இப்போது அந்தக் கம்பு வந்தது, இந்தத் தடவை தள்ளத் தள்ளப் போகவில்லை. வேட்டைக்குக் கிளம்பிய காலையில் தவசி கம்பு மறந்துவிட்டு வந்திருந்தான், வழியில் வெப்பாலை மரத்தில் ஏறி வீரணன்தான் வெட்டிக் கொடுத்தான். நிறையக் கவை இருந்தது, கோணல் கவை, குட்டைக் கவை. அவன் தேடித் தேடி அந்த ஒன்றை வெட்டினான். இறங்கி வந்து தவசியின் தலைக்குப் பின்னால் அதைப் பிடித்துப் பார்த்து, "கொம்பு கணக்காவே இருக்குடா, சடையன் சொன்ன கெடா நீதான்" என்று சொன்னான். சொல்லிவிட்டு ரெண்டு பேரும் சிரித்தார்கள். யாருக்கும் தெரியாது. ஒச்சம்மாவுக்குத் தெரியாது, அங்காயிக்குத் தெரியாது, செத்தவனுக்கும் இவனுக்கும்தான். சடையன் வேண்டுமென்று சுட்டவனாக இருந்தால் அந்தக் கம்பு வெறும் கம்பு. சடையன் ஏமாந்து சுட்டவனாக இருந்தால், ஐயோ, அந்தக் கம்பை வெட்டிய கை எது? அரிவாளைப் பிடித்த அதே கைதான் இப்போது விசையில் இருந்தது. கெடா தலையைத் தூக்கி அவன் பக்கமாகப் பார்த்தது. ஓடு என்று வாய்க்குள் சொன்னான். எதுக்குடா வந்த, யாரு ஒன்ன வரச் சொன்னா. அதைச் சுடலாம், கொம்போடு தூக்கிக்கொண்டு போய் ஊர் முன்னால் போட்டால் சடையன் நிமிர்ந்துவிடுவான், அங்காயி வாயாரச் சிரிப்பாள், ஊரே அவன் தோளைத் தட்டும், எல்லாரும் கடைசியில் கம்புக்கு வந்து நிற்பார்கள், என்னமா ஒரு கம்புய்யா அது, யாரு வெட்டுனது என்பார்கள். குதிரையைக் கட்டைவிரலால் பிடித்துத் தாங்கித் தாங்கிக் கீழே இறக்கினான். கெடா அவனைப் பார்த்தபடியே நாலு எட்டு வைத்தது, பிறகு உண்ணிப்புதருக்குள் நுழைந்தது, கொஞ்ச நேரம் கொம்பு மட்டும் தெரிந்தது, அதுவும் போனது. வீரணன் பாறையில் இருந்து வழுக்கி இறங்கினான். கால் மரத்திருந்ததால் தடுமாறி மணலில் கையூன்றினான். முகம் நனைந்திருந்தது, வேர்வையோ என்னவோ, துண்டால் துடைத்துக்கொண்டான்.

சடையன் மணலைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் வராமல், முறைப்படி பத்து எட்டு தள்ளி நின்றான். ரெண்டு வருசத்தில் ஆள் ஒடிந்துபோயிருந்தான், கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு. இத்தனை நாள் இதைக் கவனிக்கவில்லை. "அண்ணே" என்றான். பதில் வராது என்று தெரிந்தும் கேட்டான். "ஏதும் வந்துச்சாண்ணே?" வீரணன் அவன் கண்ணைப் பார்த்தான். அந்தக் கண் எதைக் கேட்கிறது என்று இப்போது தெரிந்தது. மரத்தடியில் எதைத் தேடினான் என்றும் தெரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், இவன் இந்த மணலிலேயே விழுந்து அழுவான், இன்று ராத்திரி தூங்குவான். வீரணன் வாயைத் திறந்தான். "வந்துச்சு" என்றான். சடையனின் கையில் இருந்த கம்பு நழுவிக் கீழே விழுந்தது. "பதினொண்ணு வந்துச்சு. அத்தனையும் பொட்டை."

"கடேசியாண்ணே?" சடையன் கழுத்தை நீட்டிக் கேட்டான். "எல்லாம் போன பெறகு, பொதர் ஓரமா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியாண்ணே?"

"என் கண்ணு அவிஞ்சா போச்சு?" வீரணன் வலது காலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "இந்த ஓடையில கெடா கெடையாதுடா. அன்னைக்கும் கெடையாது, இன்னைக்கும் கெடையாது. எப்பவும் கெடையாது."

சடையன் தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். குனிந்து கம்பை எடுத்தான். "பேசுனியேண்ணே. ரெண்டு வருசத்துக்கு அப்பறம் பேசிட்ட. அது போதும்." மேலே இருந்து ஆட்கள் சத்தம் போட்டார்கள், மேல்முனையில் ஒரு கெடா விழுந்துவிட்டதாம், தூக்க ஆள் வேண்டுமாம். "வாண்ணே, போவோம்" என்றான்.

"நீ போ. வாரேன்."

சடையன் மேடேறி மறைகிற வரைக்கும் வீரணன் நகரவில்லை. பிறகு காலைத் தூக்கிப் பார்த்தான். பாதத்துக்கு அடியில் ஒரு தடம் பாதி அழிந்து, பாதி இருந்தது, அகலமாக, நடுவில் விரிந்து. குதிங்காலால் தேய்த்தான். அதற்கு முன்னால் ஒன்று இருந்தது, அதையும் தேய்த்தான். அதற்கும் முன்னால் இருந்தது. தாழம்புதரில் இருந்து உண்ணிப்புதர் வரைக்கும் ஈரமணலில் அச்சுக் குத்தின மாதிரி வரிசையாகக் கிடந்தது. காலால் ஆகாது என்று பாறை மறைப்பில் இருந்து ஒரு தழையை உருவிக்கொண்டு வந்து குந்தினான். ஒவ்வொன்றாகக் கூட்டினான். கூட்டிய இடம் தனியாகத் தெரிந்தது, அதன்மேல் மணலை அள்ளித் தூவினான். மேட்டில் இருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், சடையன் குரல் மாதிரி இருந்தது. கெடா ஒன்றுக்கு ரெண்டு தடவை இந்த வழியில் போய் வந்திருக்கும் போல, புதருக்குள்ளே பழைய தடமும் இருந்தது, போன வாரத்துத் தடம், அதற்கும் பழையது. வீரணன் முட்டிபோட்டுப் புதருக்குள் தலையை நுழைத்து, முள் கிழிக்கக் கிழிக்கக் கூட்டிக்கொண்டே போனான்.